ஒவ்வொரு விமானத்தையும் அதிகாரி ஒருவர் சோதித்துத்தான் அனுப்புகிறாரா?

நாள்தோறும் உலகம் முழுவதும் ஏறத்தாழ ஒரு லட்சம் விமானப் பயணங்கள் நடக்கின்றன. அவை ஒவ்வொன்றையும் அரசு அதிகாரி யாராவது பார்த்துத்தான் அனுப்புகிறாரா, இல்லையென்றால் விமான நிறுவனம் சொல்வதை, விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் அரசு ஆணையம் எதை வைத்து நம்புகிறது என்பதுதான் கேள்வி.

முதல் பாதிக்குப் பதில் ஒரே சொல்: இல்லை. விமானத்தோடு எப்போதும் ஒரு தொழில்நுட்பப் பதிவேடு இருக்கும். கடைசியாகச் செய்த பராமரிப்பு சரியாக முடிந்தது என்று உரிமம் பெற்ற பொறியாளர் அதில் கையெழுத்திடுவார். விமானத்தை ஏற்றுக்கொள்கிறேன் என்று கேப்டன் கையெழுத்திடுவார். இருவருமே நிறுவனத்திடமோ அதன் ஒப்பந்தக்காரரிடமோ சம்பளம் வாங்குகிறவர்கள். ஆணையத்தின் ஆள் பெரும்பாலும் அந்தப் பக்கமே இருக்க மாட்டார். இதைக் கேட்டதும் பலருக்கு வயிற்றைக் கலக்கும். பல ஆண்டுகள் சோதிக்கப்படும் பக்கத்தில், ஒரு நிறுவனத்தின் தர உறுதிப் பிரிவில், உட்கார்ந்திருந்தவன் நான். எனக்கு இது கலக்கம் தரவில்லை. எனக்குக் கலக்கம் தருவது வேறு. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

ஆணையம் சோதிப்பது நிறுவனத்தை. தன் குறையைத் தானே கண்டுபிடித்துத் தானே சரிசெய்துகொள்ளும் திராணி அதற்கு இருக்கிறதா என்று பார்க்கிறது. அந்தத் திராணி இருக்கிறது என்று எழுதிக் கொடுக்கும் தாள்தான் விமான இயக்குநர் சான்றிதழ். துறையில் எல்லோரும் ஏ.ஓ.சி. என்றுதான் சொல்வார்கள். அது இல்லாமல் ஒரே ஒரு பயணியைக்கூடக் காசு வாங்கிக்கொண்டு ஏற்றக் கூடாது.

இதன் சட்ட அடிப்படை 1944 டிசம்பர் 7 அன்று சிகாகோவில் 52 நாடுகள் கையெழுத்திட்ட ஒப்பந்தம். அதிலிருந்து பிறந்ததுதான் மான்ட்ரியலில் இயங்கும் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு, சுருக்கமாக ஐ.சி.ஏ.ஓ. இன்று 193 நாடுகள் உறுப்பினர். ஒப்பந்தத்துக்கு 19 இணைப்புகள் உண்டு. விமான இயக்கத்துக்கு ஆறாவது, உரிமங்களுக்கு முதலாவது, பாதுகாப்பு மேலாண்மைக்குப் பத்தொன்பதாவது. ஐ.சி.ஏ.ஓ. எந்த நிறுவனத்துக்கும் அபராதம் போடாது, எந்த விமானத்தையும் பறக்க விடாமல் நிறுத்தாது. தரத்தை எழுதி வைப்பது அதன் வேலை. நிறைவேற்றுவது அந்தந்த நாட்டின் வேலை.

ஏ.ஓ.சி. வாங்குவது ஐந்து கட்டங்களாக நடக்கும். முதலில் பேச்சு, பிறகு முறையான விண்ணப்பம், பிறகு கையேடுகளை வரிவரியாகப் படித்துப் பார்ப்பது, பிறகு செய்து காட்டச் சொல்வது, கடைசியில் சான்று. நான்காவது கட்டத்தில் பயணிகள் இல்லாத விமானத்தில் ஆய்வாளர்களை ஏற்றிக்கொண்டு பறந்து காட்ட வேண்டும். வழியில் அவர்கள் திடீரென்று, 'இப்போது நீங்கள் போகும் விமான நிலையம் மூடப்பட்டுவிட்டது, என்ன செய்வீர்கள்?' என்று கேட்பார்கள். விமானிகள் பதில் சொன்னால் மட்டும் போதாது. தரையில் இருக்கும் கட்டுப்பாட்டு அறை அதே நேரத்தில் மாற்று நிலையத்தின் வானிலையையும் எரிபொருள் கணக்கையும் எடுத்துக் கொடுக்கிறதா என்பதையும் பார்ப்பார்கள்.

என்னைக் கேட்டால், இந்தக் கட்டங்களைவிட முக்கியமான கேள்வி ஒன்று ஒரு மேசையின் இரு பக்கமும் உட்கார்ந்து கேட்கப்படுகிறது. ஒவ்வொரு நிறுவனமும் 'பொறுப்பு மேலாளர்' என்று ஒருவரைக் காட்ட வேண்டும். பாதுகாப்புக்குத் தேவையான பணத்தை ஒதுக்கும் அதிகாரம் அவரிடம் இருக்க வேண்டும். ஆய்வாளர் அவரிடம் கேட்பார்: 'உங்கள் பாதுகாப்பு அதிகாரி இன்று மாலை மூன்று விமானங்களை நிறுத்தச் சொன்னால், யாரிடமும் கேட்காமல் உங்களால் நிறுத்த முடியுமா?' அவர் பக்கத்தில் இருக்கும் உரிமையாளரின் முகத்தைத் திரும்பிப் பார்த்தால், ஆய்வாளர் குறித்துக்கொள்வார்.

சான்று கொடுத்த பிறகு கண்காணிப்பு ஓயாது. அலுவலகத்துக்கு வந்து பதிவேடுகளைப் பார்ப்பார்கள். சிமுலேட்டரில் விமானிகளுக்கு நடக்கும் திறன் சோதனையைப் பின்னால் உட்கார்ந்து கவனிப்பார்கள். விமானி அறையில் ஜம்ப் சீட் எனப்படும் மடக்கு இருக்கையில் அமர்ந்து சாதாரணப் பயணங்களில் கூடவே வருவார்கள். இவற்றில் வெளியாருக்குக் கண்ணில் படக்கூடியது நிறுத்துமிடத்தில் திடீரென்று நடக்கும் சோதனை.

அதை ஒருமுறையாவது கிட்டத்தில் பார்க்க வேண்டும். விமானம் வந்து நிற்கிறது. அடுத்த பயணத்துக்கு ஒரு மணி நேரம்கூட இல்லை. ஒளிரும் மேலங்கி அணிந்த இருவர் படியேறி வருகிறார்கள். ஒருவர் விமானி அறைக்குப் போய் உரிமம், மருத்துவச் சான்று, வரைபடங்களின் காலாவதித் தேதி, எரிபொருள் கணக்கு, எடைக் கணக்கு என்று கேட்கிறார். மற்றவர் கீழே டயரின் தேய்மானத்தையும் சரக்கு அறையில் மூட்டைகள் கட்டப்பட்டிருக்கும் விதத்தையும் பார்த்துவிட்டு உள்ளே வருகிறார்.

நான் அப்போது இருந்த நிறுவனத்தின் விமானத்தில் நடந்தது இது. ஆய்வாளர் பணிப்பெண்ணின் இருக்கைக்கு அருகே மாட்டியிருந்த அவசரகால டார்ச்சைக் காட்டி, "எரிய விட்டுக் காட்டுங்கள் அம்மா" என்றார். எரியவில்லை. சிறிய குறைதான், மாற்று டார்ச் ஐந்து நிமிடத்தில் வந்துவிட்டது. அதோடு முடிந்தது என்று நான் மூச்சுவிட்டேன். அவர், "காலையில் பார்த்த சரிபார்ப்புத் தாளைக் கொடுங்கள்" என்றார். அதில் அந்த டார்ச்சுக்கு எதிரே 'சரி' என்று டிக் போட்டிருந்தது. தாளை என் பக்கம் திருப்பி வைத்து, "சார், இது டார்ச்சைப் பற்றிய குறை இல்லை" என்றார். அடுத்த வாரம் எங்கள் அலுவலகத்துக்கு வந்தவர் டார்ச்சைப் பற்றிப் பேசவே இல்லை. முந்தைய மாதத்தின் சரிபார்ப்புத் தாள்கள் அத்தனையையும் கேட்டார். எல்லாவற்றிலும் எல்லாமே சரி என்று இருந்தது. எதிலுமே ஒரு குறைகூடக் கண்டுபிடிக்கப்படவில்லை என்பதுதான் அவருக்குப் பெரிய குறையாகப் பட்டது. அன்று எனக்குக் கோபம் வந்தது உண்மை. பிறகு யோசித்தபோது, அவர் பார்த்தது சரியான இடத்தில்தான் என்று தோன்றியது. பார்க்காமலே போடப்படும் டிக்தான் இந்த ஏற்பாடு முழுவதையும் அரிக்கும் கறையான்.

ஐரோப்பாவில் இத்தகைய நிறுத்துமிடச் சோதனைகள் வெளிநாட்டு விமானங்களுக்கும் உண்டு. குறைகளை மூன்று தரமாகப் பிரிப்பார்கள். மூன்றாம் தரக் குறை என்றால், பெரும்பாலும் அதைச் சரிசெய்த பிறகே பயணம். ஒரு நாட்டில் கண்டது பொதுத் தரவுத்தளத்தில் ஏறி மற்ற நாடுகளுக்கும் தெரிந்துவிடும். ஐரோப்பாவுக்குப் பறக்கக் கூடாத நிறுவனங்கள் எவை என்று 2006 முதல் ஐரோப்பிய ஒன்றியம் வெளியிட்டுவரும் தடைப் பட்டியலுக்கு இந்தச் சோதனைகளும் ஒரு ஊற்று.

பழுதோடு விமானம் பறந்தது என்று செய்தி வரும்போதெல்லாம் கொதிக்கிறோமே, அதைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். சில பழுதுகளோடு பறப்பது விதிப்படியே அனுமதிக்கப்பட்டது. எந்தெந்தக் கருவி வேலை செய்யாதபோது எந்த நிபந்தனையோடு கிளம்பலாம் என்று ஆணையம் ஒப்புதல் கொடுத்த பட்டியல் ஒன்று ஒவ்வொரு நிறுவனத்திடமும் இருக்கும். எம்.இ.எல். என்பார்கள். சரிசெய்யும் கெடுவும் அதிலேயே இருக்கும்: பி வகைக்கு 3 நாள், சி வகைக்கு 10 நாள், டி வகைக்கு 120 நாள். இதில் ஆய்வாளர் தேடுவது பழுதை அல்ல, பழக்கத்தை. பத்தாம் நாள் 'சரிசெய்தாயிற்று' என்று மூடிவிட்டு, பன்னிரண்டாம் நாள் அதே பழுதைப் புதிதாகத் திறந்திருக்கிறார்களா? இரண்டு மூன்று முறை அப்படிக் கண்டால், உதிரி பாகம் வாங்கப் பணம் இல்லையோ என்ற சந்தேகம் வரும். அப்போது பொறியாளரை விட்டுவிட்டுக் கணக்குப் பிரிவை விசாரிப்பார்கள்.

விமானிகளின் பணி நேரத்திலும் இதே பார்வைதான். தாமதம் ஏற்பட்டால் கேப்டன் தன் பொறுப்பில் பணி நேரத்தைக் கொஞ்சம் நீட்டிக்கலாம் என்று விதி இடம் தருகிறது. எப்போதாவது ஒருமுறை நீட்டித்தால் அது தாமதம். அதே பயணத்தில் வாரம் தவறாமல் நீட்டித்தால் அட்டவணையே பொய். ஐரோப்பிய விதி இதற்கு எண்ணையே வைத்திருக்கிறது: ஒரு பருவத்தில் ஓர் அட்டவணையின் பணிகளில் 33 சதவீதத்துக்கு மேல் உச்ச வரம்பைத் தாண்டினால், நிறுவனம் அட்டவணையை மாற்ற வேண்டும்.

தாளில் இருக்கும் தகவலை யாரும் தட்டிக் கேட்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2016 நவம்பர் 28 சாட்சி. பொலிவியாவின் சான்தா குரூஸிலிருந்து கொலம்பியாவின் மெடலினுக்குப் பிரேசிலின் சாப்பகோயன்ஸ் கால்பந்து அணியை ஏற்றிக்கொண்டு லாமியா நிறுவனத்தின் விமானம் கிளம்பியது. பயணத் திட்டத்தில் பறக்கும் நேரம் 4 மணி 22 நிமிடம். எரிபொருள் தாங்கும் நேரமும் 4 மணி 22 நிமிடம். ஜெட் விமானத்துக்குப் பயண எரிபொருளுக்கு மேல் எதிர்பாராச் செலவுக்கு, மாற்று நிலையம் போக, அதற்கும் மேல் 30 நிமிடம் வட்டமிட என்று அடுக்கடுக்காக மிச்சம் வேண்டும். இங்கே இரண்டு எண்களும் அச்சுப் போல ஒன்றாக இருந்தன. விமான நிலையத்தில் திட்டத்தை வாங்கிய அலுவலர் அதைக் கவனித்ததாகப் பின்னர் தெரிவித்தார். இருந்தும் விமானம் பறந்தது. மெடலினை நெருங்கும்போது எரிபொருள் தீர்ந்து மலையில் மோதியது. 77 பேரில் 71 பேர் இறந்தார்கள்.

அந்த ஒரு தாளைத் தடுத்திருந்தால் போதும் என்று பலர் சொல்கிறார்கள். அது பாதி உண்மை. எரிபொருளை விளிம்பு வரை இழுக்கும் துணிச்சல் ஒரே இரவில் வருவதில்லை. தரையிறங்கும்போது தொட்டியில் எவ்வளவு மிச்சம் இருந்தது என்ற பதிவு ஒவ்வொரு பயணத்துக்கும் இருக்க வேண்டும். ஆய்வாளர் அலுவலகத்துக்கு வந்து ஆறு மாதப் பதிவைக் கேட்டால், எந்த நிறுவனத்தின் வழக்கமும் அரை மணி நேரத்தில் வெளியே வந்துவிடும். கேட்க ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

இப்போது எனக்குக் கலக்கம் தருவதற்கு வருகிறேன். அது கேட்க வேண்டிய ஆளுக்கும் கேட்கப்படுகிறவருக்கும் இடையே வளரும் நெருக்கம். விமானத் துறை சின்ன ஊர் மாதிரி. ஆய்வாளராக இருப்பவர் நேற்று நிறுவனத்தில் இருந்திருப்பார். நாளை அங்கேயே திரும்பலாம். அமெரிக்காவின் சௌத்வெஸ்ட் விமான நிறுவனத்தில் நடந்ததைப் பாருங்கள். விமான உடலில் உலோகச் சோர்வால் வரும் விரிசல்களுக்காகக் கட்டாயம் செய்ய வேண்டிய சோதனையைச் செய்யாமல் 2006, 2007இல் 46 விமானங்கள் ஏறத்தாழ 60,000 பயணங்கள் பறந்தன. தவறைக் கண்டுபிடித்து ஆணையத்திடம் சொன்ன பிறகும் அவற்றை நிறுத்தவில்லை. 1,451 பயணங்கள் மேலும் நடந்தன. அமெரிக்காவின் ஆணையமான எஃப்.ஏ.ஏ.வில் இருந்த மேற்பார்வையாளர் அதற்கு இடம் கொடுத்தார். அவருக்குக் கீழே இருந்த ஆய்வாளர்கள் விடாமல் குரல் கொடுத்து, 2008இல் நாடாளுமன்றக் குழுவின் முன் சாட்சி சொன்ன பிறகுதான் விஷயம் ஊருக்குத் தெரிந்தது. 1.02 கோடி டாலர் அபராதம் முன்மொழியப்பட்டு, 75 லட்சம் டாலரில் முடிந்தது. யாரும் சாகவில்லை என்பதால் இந்தக் கதை அதிகம் பேசப்படுவதில்லை. ஆனால் ஆய்வு அமைப்பு உள்ளிருந்து எப்படிக் கெடும் என்று புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க நான் எடுப்பது இதைத்தான்.

நெருக்கத்துக்கு இன்னொரு பெயர் 'ஒப்படைப்பு'. ஆணையத்திடம் ஆள் போதாததால் சில சோதனைகளை நிறுவனத்தின் ஊழியர்களிடமே ஆணையத்தின் பெயரால் செய்யச் சொல்வது. இது இல்லாமல் எந்த நாட்டிலும் வேலை ஓடாது. ஆனால் போயிங் 737 மேக்ஸ் விமானங்கள் 2018 அக்டோபரிலும் 2019 மார்ச்சிலும் விழுந்து 346 பேர் இறந்த பிறகு, வடிவமைப்புச் சான்றில் இந்த ஒப்படைப்பு எவ்வளவு தூரம் போயிருந்தது என்று பார்த்து அமெரிக்க நாடாளுமன்றம் 2020இல் சட்டத்தையே திருத்தியது.

ஆள் போதாமை என்பது வெறும் சாக்கும் அல்ல. விமான இயக்க ஆய்வாளருக்குத் தேவை அனுபவமுள்ள விமானிகள். அவர்களுக்கு நிறுவனம் கொடுக்கும் சம்பளத்தை அரசு கொடுக்காது. 1992இல் அமெரிக்கா, தன் நாட்டுக்குப் பறக்கும் நிறுவனங்களுடைய சொந்த நாடுகளின் ஆணையங்களையே மதிப்பிடத் தொடங்கியது. தரத்தை எட்டாத இரண்டாம் வகையில் விழுந்தால் இருக்கும் சேவை தொடரலாம், புதியது தொடங்க முடியாது. 2014 ஜனவரியில் இந்தியா அந்த வகைக்குத் தள்ளப்பட்டபோது, போதிய விமான இயக்க ஆய்வாளர்கள் இல்லாதது முக்கியக் குறைகளில் ஒன்று. ஆள் எடுத்து, 2015 ஏப்ரலில்தான் முதல் வகைக்குத் திரும்ப முடிந்தது. 2020இல் பாகிஸ்தானில் விமானிகள் பலரின் உரிமங்கள் சந்தேகத்துக்குரியவை என்று அந்நாட்டு அமைச்சரே சொன்னதும், ஐரோப்பா பாகிஸ்தான் இன்டர்நேஷனல் ஏர்லைன்ஸின் அனுமதியை நிறுத்தி வைத்தது. தடை நீங்க 2024 நவம்பர் ஆயிற்று. உரிமம் கொடுக்கும் மேசையில் ஓட்டை விழுந்தால், மற்ற எல்லா மேசைகளிலும் உள்ள தாள்கள் மதிப்பிழந்துபோகும்.

சரி, ஆய்வாளர் எத்தனை பேர் இருந்தாலும், வானத்தில் விமானி அறையின் கதவுக்குப் பின்னால் நடப்பது எப்படித் தெரியும்? இதற்கான விடை 1974 டிசம்பர் 1 அன்று 92 உயிர்களை விலையாகக் கொடுத்துக் கிடைத்தது. வாஷிங்டன் டல்லஸ் நிலையத்தை நெருங்கிய டி.டபிள்யூ.ஏ. நிறுவனத்தின் 514ஆம் எண் விமானம், கட்டுப்பாட்டு அறையின் அனுமதிச் சொற்களைத் தவறாகப் பொருள்கொண்டு முன்கூட்டியே தாழ இறங்கி மலையில் மோதியது. ஆறு வாரத்துக்கு முன்பு யுனைடெட் நிறுவனத்தின் விமானம் ஒன்று அதே இடத்தில், அதே குழப்பத்தில் மாட்டி மயிரிழையில் தப்பியிருந்தது. யுனைடெட் தன் விமானிகளுக்கு எச்சரிக்கை அனுப்பியிருந்தது. மற்ற நிறுவனங்களுக்கு அந்தச் செய்தி போக வழி இல்லை.

அதன் விளைவாக 1976இல் விமானிகள் தங்கள் தவறுகளைத் தாங்களே எழுதி அனுப்பும் முறை அமெரிக்காவில் வந்தது. அதில் எனக்கு மிகவும் பிடித்த புத்திசாலித்தனம், கடிதத்தை வாங்குவது எஃப்.ஏ.ஏ. அல்ல, நாசா. தண்டிக்கும் அதிகாரம் நாசாவுக்கு இல்லை. அனுப்பியவரின் அடையாளத்தை நீக்கிவிட்டுச் செய்தியை மட்டும் எல்லோருக்கும் கொடுக்கிறது. நிகழ்ந்த 10 நாளுக்குள் எழுதி அனுப்பியவர் செய்தது வேண்டுமென்றே செய்ததோ குற்றமோ இல்லையென்றால், விதிமீறலுக்கான தண்டனையிலிருந்து அவருக்கு விலக்கு கிடைக்கலாம். தவறு செய்தவர்களை விட்டுவிடுவதா என்று கேட்பவர்கள் உண்டு. தண்டித்தால் ஒரு விமானி திருந்துவார், எழுத வைத்தால் அடுத்த விமானி தப்பிப்பார். இரண்டும் ஒருசேரக் கிடைக்காது என்றால் நான் இரண்டாவதைத்தான் எடுப்பேன்.

எழுதாதவர்களுக்கு இயந்திரம் இருக்கிறது. 27,000 கிலோவுக்கு மேல் எடையுள்ள விமானங்களை இயக்கும் நிறுவனங்கள், விமானம் பதிந்துவைக்கும் வேகம், உயரம், இறங்கும் வீதம் போன்ற தரவுகளை விபத்து நடக்காதபோதும் தொடர்ந்து அலசிப் பார்க்க வேண்டும் என்பது ஐ.சி.ஏ.ஓ. தரம். ஒரு விமான நிலையத்தில் மட்டும் தரையிறங்கும் விமானங்கள் 1,000 அடி உயரத்தில் இன்னும் வேகமாகவே இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். விமானிகளைத் திட்டுவதற்கு முன், கட்டுப்பாட்டு அறை அங்கே எல்லோரையும் அளவுக்கு மீறி உயரத்திலேயே வைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பல சமயம் விடை அங்கேதான் கிடைக்கும். நிறுவனம் இத்தகைய கேள்வியைக் கேட்டிருக்கிறதா, விடைக்குப் பிறகு எதையாவது மாற்றியிருக்கிறதா என்பதுதான் ஆய்வாளருக்கு வேண்டியது. தனித்தனி விமானியின் பெயர் அவருக்குத் தேவையில்லை, கொடுக்கவும் கூடாது.

நம்பிக்கையின் அடிப்படை என்ன என்ற இரண்டாம் பாதிக்கு 2022 மார்ச் மாதம் பெர்முடா கொடுத்த பதில் எனக்குப் போதும். ரஷ்ய நிறுவனங்கள் பயன்படுத்திய நூற்றுக்கணக்கான குத்தகை விமானங்கள் அந்தச் சிறு தீவில்தான் பதிவாகியிருந்தன. ரஷ்யா மீது பொருளாதாரத் தடைகள் வந்து ஆய்வு நடத்த வழியில்லாமல் போனதும், அவை பறக்கத் தகுதியானவை என்ற சான்றுகளைப் பெர்முடா ஆணையம் நிறுத்தி வைத்தது. எந்த விமானத்திலும் புதிதாகப் பழுது கண்டதாக அது சொல்லவில்லை. இனி எங்களால் பார்க்க முடியாது என்றுதான் சொன்னது.

நீங்களே ஒரு நாட்டைப் பார்க்க விரும்பினால், ஐ.சி.ஏ.ஓ. தன் தணிக்கை முடிவுகளை எட்டுத் துறைகளாகப் பிரித்துச் சதவீதத்தோடு தன் தளத்தில் வைத்திருக்கிறது. ஐரோப்பியத் தடைப் பட்டியலும் அமெரிக்காவின் வகைப்பாடும் பொதுவில் கிடைக்கும். நான் முதலில் பார்ப்பது 'இயக்கம்', 'அமைப்பு' (ஆணையத்தின் சொந்தக் கட்டமைப்பும் ஆள்பலமும்) ஆகிய இரண்டு துறைகளின் எண்களை. முதலாவது உயர்ந்து இரண்டாவது தாழ்ந்திருந்தால், கையேடுகள் நன்றாக இருக்கின்றன, அவற்றை வைத்துக் கேள்வி கேட்க ஆள்தான் போதவில்லை என்று எடுத்துக்கொள்வேன்.